கங்கைகொண்ட சோழபுரம் முதல் கிளிநொச்சி வரை: பேரிடர் நேரத்தில் ராணுவங்கள் கைகோர்ப்பது எப்படி?

2025 ஜூலை 27. அரியலூர் மாவட்டம் கங்கைகொண்ட சோழபுரத்தில் ஆடித் திருவாதிரை விழா. ராஜேந்திர சோழன் கடல் கடந்து படை அனுப்பி ஆயிரம் ஆண்டுகள் ஆனதைக் கொண்டாட பிரதமர் மோடியே நேரில் வந்திருந்தார். பெரம்பலூர், அரியலூர் சாலைகளில் அன்று முழுக்க அதே பேச்சுதான். கடலே இல்லாத மாவட்டத்திலிருந்து ஒரு ராஜா வங்கக் கடலையே ஆண்டானே என்று.

சரியாக நான்கு மாதம் கழித்து அதே வங்கக் கடலில் மறுபடியும் கப்பல்கள் போயின. இந்த முறை ஏற்றியது அரிசி, கூடாரம், மருந்து, இரும்புப் பாலத்தின் பாகங்கள். போன இடம், 'டித்வா' புயலில் சிதைந்து கிடந்த இலங்கை.

ஒரு நாட்டின் ராணுவம் இன்னொரு நாட்டின் மண்ணில் நிவாரண வேலைக்கு இறங்குவது பார்ப்பதற்கு எளிதாகத் தெரியும். உண்மையில் அதற்குப் பின்னால் யார் கூப்பிட வேண்டும், யார் அனுமதி தர வேண்டும், யார் செலவு செய்ய வேண்டும் என்று நிறையக் கேள்விகள் இருக்கின்றன. அதே கேள்விகள் கொள்ளிடக் கரையில் இருக்கும் ஊர்களுக்கும் பொருந்தும். ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

டித்வா நேரத்தில் என்ன நடந்தது?

2025 நவம்பர் கடைசி வாரத்தில் இலங்கையின் தென்கிழக்கே உருவான புயல், நவம்பர் 28 அன்று அந்தத் தீவின் கிழக்குக் கரையைத் தாக்கியது. 'டித்வா' என்ற பெயர் ஏமன் நாடு கொடுத்தது. காற்றைவிட மழைதான் அதிகம் கொன்றது. கண்டி, பதுளை, நுவரெலியா மாவட்டங்களில் மலைச்சரிவுகள் வீடுகளோடு சேர்ந்து சரிந்தன. இறந்தவர்கள் 600 பேருக்கும் மேல். அதிபர் அநுர குமார திசாநாயக்க அவசர நிலையை அறிவித்தார்.

அந்த நாட்களில் இந்தியாவின் விமானம் தாங்கிக் கப்பல் ஐ.என்.எஸ். விக்ராந்தும், போர்க்கப்பல் ஐ.என்.எஸ். உதயகிரியும் கொழும்பில் இருந்தன. இலங்கைக் கடற்படையின் 75-வது ஆண்டு விழாவையொட்டி நடக்கவிருந்த கப்பல் அணிவகுப்புக்காக வந்தவை அவை. விழாவுக்கு வந்த கப்பல்கள் நிவாரணக் கப்பல்களாக மாறின. சுமார் 6.5 டன் உணவுப் பொருட்களை உடனே ஒப்படைத்தன. விக்ராந்திலிருந்த ஹெலிகாப்டர்கள் மீட்புப் பணிக்குப் பறந்தன. நவம்பர் 28 அன்றே 'ஆபரேஷன் சாகர் பந்து' என்ற பெயரில் இந்தியா தனது நடவடிக்கையை அறிவித்தது.

அடுத்தடுத்து நடந்தவை:

• தேசிய பேரிடர் மீட்புப் படையின் (என்.டி.ஆர்.எஃப்.) 80 வீரர்கள் மோப்ப நாய்களோடு விமானப் படை விமானத்தில் போய் இறங்கினார்கள்.

• எம்.ஐ-17 ஹெலிகாப்டர்கள் சாலை துண்டிக்கப்பட்ட மலைக் கிராமங்களுக்குச் சென்று ஆட்களைத் தூக்கி வந்தன.

• ராணுவம் மகியங்கனையில் ஒரு கள மருத்துவமனையை அமைத்தது. ஆயிரக்கணக்கானோர் அங்கே சிகிச்சை பெற்றார்கள்.

• இடிந்த பாலங்களுக்குப் பதிலாக பெய்லி பாலங்களின் பாகங்களை சி-17 விமானங்கள் கொண்டு சேர்த்தன.

• தமிழ்நாடு அரசு திரட்டிய சுமார் 950 டன் நிவாரணப் பொருட்கள் டிசம்பர் முதல் வாரத்தில் சென்னை, தூத்துக்குடி துறைமுகங்களிலிருந்து கடற்படைக் கப்பல்களில் போயின.

இந்தியா மட்டும் இல்லை. அமெரிக்காவின் சரக்கு விமானங்கள் வந்தன. ஜப்பானின் மருத்துவக் குழு வந்தது. பாகிஸ்தான், வங்கதேசம், ஐக்கிய அரபு அமீரகம் ஆகியவையும் உதவி அனுப்பின. ஒரு சின்னத் தீவுக்குள் இத்தனை நாட்டுச் சீருடைகள். யார் எந்த மாவட்டத்துக்குப் போவது, எந்த விமானம் எப்போது இறங்குவது என்று ஒருங்கிணைப்பதே தனி வேலை.

ராணுவம் எதற்கு? தொண்டு நிறுவனங்கள் போதாதா?

மனம் இருக்கிற அமைப்புகள் நிறைய உண்டு. வண்டிதான் இருக்காது. பேரிடரின் முதல் 72 மணி நேரத்தில் பிரச்சினையே 'கொண்டு போய்ச் சேர்ப்பது'தான். சாலை இல்லை, பாலம் இல்லை, மின்சாரம் இல்லை, செல்போன் டவர் இல்லை. இந்த நிலையில் வேலை செய்வதற்கென்றே பயிற்சி பெற்றிருப்பது ராணுவம்தான்.

ஒரு சி-17 விமானம் கிட்டத்தட்ட 70 டன்னுக்கு மேல் சுமக்கும். சி-130ஜே விமானம் குட்டி ஓடுதளத்திலும் இறங்கும். கடற்படைக் கப்பல் தானே மின்சாரம் தயாரிக்கும், கடல்நீரைக் குடிநீராக்கும், ஹெலிகாப்டரும் ஆஸ்பத்திரியும் வைத்திருக்கும். துறைமுகம் சேதமாகியிருந்தால்கூட, தரையிறங்கு படகுகள் கடற்கரையிலேயே முட்டி நின்று சரக்கை இறக்கிவிடும்.

2014 டிசம்பரில் மாலத்தீவின் மாலே நகரில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை தீப்பிடித்தது. ஊர் முழுக்கக் குடிக்கத் தண்ணீர் இல்லை. இந்தியா விமானத்தில் தண்ணீர் அனுப்பியதோடு, ஐ.என்.எஸ். சுகன்யா, ஐ.என்.எஸ். தீபக் என்ற இரண்டு கப்பல்களையும் அனுப்பியது. 'ஆபரேஷன் நீர்' என்று அதற்குப் பெயர். இதைச் செய்ய எந்தத் தொண்டு நிறுவனத்திடம் கப்பல் இருக்கிறது?

பெய்லி பாலமும் அப்படித்தான். இரண்டாம் உலகப் போரில் டாங்கிகள் ஆற்றைக் கடப்பதற்காக டொனால்ட் பெய்லி என்ற பிரிட்டிஷ் பொறியாளர் வடிவமைத்தது. பத்து அடி நீளமுள்ள இரும்புச் சட்டங்களை முள் போன்ற ஊசிகளால் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டே போனால் பாலம் நீண்டுகொண்டே போகும். ஒரு சட்டத்தை ஆறு பேர் சேர்ந்து தூக்கிவிடலாம். கிரேன் தேவையில்லை. 2024 ஜூலை 30 வயநாடு நிலச்சரிவுக்குப் பிறகு, பெங்களூருவைத் தலைமையிடமாகக் கொண்ட மதராஸ் பொறியாளர் படைப் பிரிவு சூரல்மலையில் 190 அடி பெய்லி பாலத்தை ஆகஸ்ட் 1 மாலைக்குள் கட்டி முடித்தது நினைவிருக்கும். அதே தொழில்நுட்பம்தான் கடல் தாண்டி இலங்கைக்கும் போனது.

போன முறை பறந்த விமானங்கள்: 1987-ம் 2025-ம்

இலங்கையில் கட்டிய அந்தப் பாலங்களில் ஒன்று கிளிநொச்சி மாவட்டத்தில், பரந்தன்–முல்லைத்தீவு சாலையில் இருக்கிறது. 120 அடி நீளம். 2025 டிசம்பர் 23 அன்று இந்திய வெளியுறவு அமைச்சர் ஜெய்சங்கரும் இலங்கை வெளியுறவு அமைச்சர் விஜித ஹேரத்தும் அதைத் திறந்து வைத்தார்கள். இன்னொரு பாலத்துக்கு சிலாபம் பகுதி தேர்ந்தெடுக்கப்பட்டது.

கிளிநொச்சி, பரந்தன், முல்லைத்தீவு. இந்தப் பெயர்களை நம் வீட்டுப் பெரியவர்கள் போர்ச் செய்திகளில்தான் கேட்டிருப்பார்கள். இந்திய ராணுவச் சீருடை அந்த மண்ணில் எப்படிப்பட்ட நினைவுகளைக் கிளப்பும் என்பதும் அவர்களுக்குத் தெரியும்.

1987 ஜூன் 3 அன்று ராமேஸ்வரத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்கு நிவாரணப் பொருட்களோடு கிளம்பிய 19 படகுகளை இலங்கைக் கடற்படை திருப்பி அனுப்பியது. மறுநாள், ஜூன் 4, இந்தியா ஐந்து ஏ.என்-32 விமானங்களை மிராஜ் போர் விமானங்களின் பாதுகாப்போடு அனுப்பி, யாழ்ப்பாணத்தின் மீது சுமார் 25 டன் பொருட்களைப் பாராசூட்டில் போட்டது. 'ஆபரேஷன் பூமாலை' என்று பெயர். முற்றுகையில் தவித்த மக்களுக்கு உணவு போய்ச் சேர வேண்டும் என்பது ஒரு பக்கம். இலங்கை அரசோ 'எங்கள் வான்எல்லையை மீறிவிட்டார்கள்' என்று கண்டித்தது. அடுத்த மாதம் ஒப்பந்தம், அதைத் தொடர்ந்து அமைதிப் படை, அதன்பிறகு மூன்று ஆண்டுச் சண்டை, ஆயிரத்துக்கும் மேற்பட்ட இந்திய வீரர்களின் மரணம், தமிழ் மக்கள் பட்ட துயரம் என்று கதை எங்கெங்கோ போனது.

இரண்டு முறையும் போனது இந்திய விமானப் படைதான். இரண்டு முறையும் ஏற்றிப் போனது நிவாரணம்தான். வித்தியாசம் ஒரே ஒரு சொல்லில் இருக்கிறது: சம்மதம்.

பேரிடர் நிவாரணத்தில் வெளிநாட்டு ராணுவங்களைப் பயன்படுத்துவதற்கு 1994-ல் 'ஆஸ்லோ வழிகாட்டுதல்கள்' என்று ஒன்றை உருவாக்கினார்கள். சட்டம்போல் கட்டாயம் கிடையாது என்றாலும், உலகம் முழுக்க இதைத்தான் அளவுகோலாக வைக்கிறார்கள். அதன் சாரம் மூன்று:

• பாதிக்கப்பட்ட நாடு கேட்க வேண்டும், அல்லது சம்மதிக்க வேண்டும்.

• பொது அமைப்புகளால் முடியாத வேலைக்கு மட்டும், கடைசி வழியாக ராணுவத்தைப் பயன்படுத்த வேண்டும்.

• உதவி என்ற பெயரில் பாதிக்கப்பட்டவரிடம் செலவைக் கேட்கக் கூடாது.

சம்மதம் கிடைக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2008 மே மாதம் மியான்மரைத் தாக்கிய நர்கிஸ் புயல் ஒரு கொடூரமான சாட்சி. இறந்தவர்களும் காணாமல் போனவர்களும் சேர்த்து சுமார் 1.38 லட்சம் பேர். அமெரிக்க, பிரெஞ்சு, பிரிட்டிஷ் கப்பல்கள் நிவாரணப் பொருட்களோடு கடலில் காத்துக்கொண்டு நின்றன. மியான்மர் ராணுவ ஆட்சி அவற்றை உள்ளே விடவில்லை. ஆனால் இந்தியாவின் ஐ.என்.எஸ். ராணா, ஐ.என்.எஸ். கிர்பான் கப்பல்களை அனுமதித்தது. சாப்பாடு ஒன்றுதான். யார் கையால் வருகிறது என்பதைப் பார்த்துத்தான் கதவு திறந்தது.

நாமும் இதில் விதிவிலக்கு கிடையாது. 2004 சுனாமியின்போது இந்தியா வெளிநாட்டு அரசுகளின் உதவியை ஏற்க மறுத்தது. 2018 கேரள வெள்ளத்தின்போதும் அதே நிலைதான். கொடுப்பவர் வல்லரசு, வாங்குபவர் எளியவர் என்ற எண்ணம் எல்லா தலைநகரங்களிலும் இருக்கிறது.

2004-ல் போட்ட விதை

இன்றைக்கு நாம் பார்க்கிற கூட்டு ஏற்பாடுகள் பலவற்றுக்குத் தொடக்கம் 2004 டிசம்பர் 26. தமிழ்நாட்டில் மட்டும் சுமார் 8,000 பேரை இழந்தோம். நாகப்பட்டினம்தான் அதிகம் பறிகொடுத்தது. அந்த நிலையிலும் மறுநாளே இந்தியக் கப்பல்கள் இலங்கைக் கரையில் இருந்தன. சொந்த வீட்டில் எழவு விழுந்திருக்கும்போது பக்கத்து வீட்டுக்கும் ஓடியதுபோல, தமிழகக் கரை, அந்தமான், இலங்கை, மாலத்தீவு, இந்தோனேசியா என்று ஐந்து முனைகளில் கடற்படை வேலை செய்தது. 30-க்கும் மேற்பட்ட கப்பல்கள் அதில் ஈடுபட்டன.

அந்த நாட்களில் இந்தியா, அமெரிக்கா, ஜப்பான், ஆஸ்திரேலியா ஆகிய நான்கு நாடுகளும் நிவாரணத்தை ஒருங்கிணைக்க ஒரு குழு அமைத்தன. சில நாட்களிலேயே அந்தக் குழு கலைந்தது. ஆனால் இன்று செய்திகளில் அடிபடும் 'குவாட்' கூட்டணிக்கு வேர் அங்கேதான் இருக்கிறது.

அதன்பிறகு உருவான முக்கியமான ஏற்பாடுகள்:

• ஐயான்ஸ்: இந்தியப் பெருங்கடலைச் சுற்றியுள்ள கடற்படைகளின் கூட்டமைப்பு. 2008-ல் இந்தியக் கடற்படை தொடங்கியது. பேரிடர் நிவாரணத்துக்கென்று இதில் தனிப் பணிக்குழு உண்டு.

• பிம்ஸ்டெக்: வங்காள விரிகுடாவைச் சுற்றியுள்ள ஏழு நாடுகளின் அமைப்பு. 2017-ல் டெல்லியில் முதல் கூட்டுப் பேரிடர் ஒத்திகை நடத்தியது. 2021-ல் புனேயில் நடந்தது 'பேனெக்ஸ்-21'.

• டைகர் ட்ரையம்ஃப்: இந்தியா–அமெரிக்கா முப்படைகளும் சேர்ந்து நடத்தும் நிவாரண ஒத்திகை. 2019-ல் விசாகப்பட்டினம், காக்கிநாடா கரையில் தொடங்கியது.

• ஆசியான்: தென்கிழக்கு ஆசிய நாடுகள் 2011-ல் ஜகார்த்தாவில் பேரிடர் உதவிக்கென்றே 'ஏ.எச்.ஏ.' என்ற மையத்தை அமைத்தன. சிங்கப்பூர் 2014-ல் சாங்கியில் ராணுவங்களை ஒருங்கிணைக்கும் மையம் ஒன்றைத் திறந்தது.

கடைசியாகச் சொன்ன ஏற்பாடு நம் பக்கம் இன்னும் முழுசாக வரவில்லை. தெற்காசியாவில் ஒவ்வொரு முறையும் இரு நாடுகளுக்கிடையே நேரடியாகத்தான் பேசி முடிக்க வேண்டியிருக்கிறது. டித்வா நேரத்தில் இலங்கைக்குப் பாகிஸ்தானிலிருந்து நிவாரணம் கொண்டுபோகும் விமானம் இந்திய வான்வெளியைக் கடக்கும் அனுமதி தொடர்பாக இரு நாடுகளும் மாறி மாறிக் குற்றம் சாட்டிக்கொண்டன. 'சில மணி நேரத்திலேயே அனுமதி கொடுத்துவிட்டோம்' என்றது இந்தியா. 'தாமதம் செய்கிறார்கள்' என்றது பாகிஸ்தான். மண்ணுக்குள் புதைந்து கிடப்பவருக்கு அந்த வாக்குவாதம் எதுவும் உதவாது. இதற்கெல்லாம் பேரிடர் வருவதற்கு முன்பே விதிகள் எழுதி வைக்க வேண்டும். 2025 ஏப்ரலில் பாங்காக்கில் நடந்த பிம்ஸ்டெக் மாநாட்டில், இந்தியாவில் ஒரு பேரிடர் மேலாண்மை மையம் அமைக்கப்படும் என்று அறிவித்திருக்கிறார்கள். அது என்ன செய்யப் போகிறது என்று பார்க்க வேண்டும்.

தமிழ்நாடு தானாகவே இலங்கைக்கு உதவ முடியுமா?

முடியாது. வெளியுறவு மத்திய அரசின் அதிகாரம். மாநிலம் பொருள் திரட்டலாம், பணம் ஒதுக்கலாம். ஆனால் கடல் தாண்டி அனுப்ப மத்திய அரசின் ஒப்புதல் வேண்டும்.

2022-ல் இலங்கை பொருளாதார நெருக்கடியில் தவித்தபோது இதுதான் நடந்தது. 40,000 டன் அரிசி, 500 டன் பால் பவுடர், மருந்துகள் அனுப்பத் தமிழ்நாடு சட்டமன்றம் தீர்மானம் போட்டது. மத்திய அரசு ஒப்புதல் தந்த பிறகே கப்பல் கிளம்பியது. 2025 டிசம்பரில் போன 950 டன்னும் அதே வழியில்தான் போனது. மாநிலம் கொடுத்த பொருளை மத்திய அரசின் கடற்படை சுமந்தது.

சரி, கொள்ளிடம் பொங்கினால் நமக்கு யார் வருவார்?

மேட்டூர் அணை நிரம்பி உபரி நீர் திறந்தால், முக்கொம்பில் அதில் பெரும்பகுதி கொள்ளிடத்துக்குத் திரும்பும். அரியலூர் மாவட்டத்தின் தெற்கு எல்லையே கொள்ளிடம்தான். திருமானூர், தூத்தூர், மதனத்தூர், அணைக்கரை என்று கரையோர ஊர்களில் அப்போது ஒலிபெருக்கி அறிவிப்பு கேட்கும். 2018 ஆகஸ்ட் 22 இரவு முக்கொம்பு மேலணையின் ஒன்பது மதகுகள் அடித்துச் செல்லப்பட்டதை மறந்திருக்க மாட்டீர்கள்.

அப்படி ஒரு நிலை வந்தால் உதவி வரும் வரிசை இதுதான்:

1. முதலில் ஊர்க்காரர்கள். அதன் பிறகு வருவாய்த் துறை, தீயணைப்புத் துறை, காவல் துறை. பேரிடர் மேலாண்மைச் சட்டம், 2005-ன்படி மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் தலைவர் மாவட்ட ஆட்சியர்.

2. மாநிலப் பேரிடர் மீட்புப் படை. தமிழ்நாடு காவல் துறையில் பயிற்சி பெற்ற குழுக்கள்.

3. என்.டி.ஆர்.எஃப். 2006-ல் உருவான இந்தப் படைக்கு நாடு முழுக்க 16 பட்டாலியன்கள். நமக்குப் பக்கத்தில் இருப்பது அரக்கோணத்தில் உள்ள 4-வது பட்டாலியன். டெல்டாவுக்குப் போகும் அவர்களின் லாரிகளுக்குப் பெரம்பலூர் நெடுஞ்சாலை ஒரு முக்கியமான வழி. வெள்ளம் வந்த பிறகு கிளம்பினால் பல மணி நேரமாகும். அதனால்தான் வானிலை எச்சரிக்கை வந்தவுடனேயே குழுக்களை முன்கூட்டி அனுப்பி வைக்கிறார்கள்.

4. கடைசியில் ராணுவம். ஆட்சியர் மாநில அரசிடம் கேட்பார், மாநில அரசு ராணுவத்தைக் கோரும். ராணுவம் தானாக வந்து பொறுப்பெடுக்காது. வந்தாலும் பொது நிர்வாகத்துக்கு உதவியாகத்தான் வேலை செய்யும்.

'பக்கத்திலேயே தஞ்சாவூர் விமானப் படைத் தளம் இருக்கிறதே?' என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் அங்கே இருப்பவை 2020-ல் நிலைநிறுத்தப்பட்ட சுகோய் போர் விமானங்கள். சுகோயை வைத்து மொட்டை மாடியிலிருந்து ஒருவரையும் தூக்க முடியாது. ஓடுதளம் பயன்படும், மீட்பு ஹெலிகாப்டர் வேறு எங்கிருந்தாவது வர வேண்டும். 2023 டிசம்பரில் தூத்துக்குடி, நெல்லை மூழ்கியபோது கோவை சூலூரிலிருந்துதான் ஹெலிகாப்டர்கள் பறந்தன.

அந்த வெள்ளத்தில் நடந்த ஒரு விஷயத்தை அரியலூர்க்காரர்கள் கொஞ்சம் கூடுதலாகவே கவனித்திருப்பார்கள். ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் சுமார் 800 பயணிகளோடு நின்றுவிட்டது. முன்னால் தண்டவாளத்துக்குக் கீழே மண் அரித்துப்போயிருந்தது. தகவல் தெரிந்து ரயிலை நிலையத்திலேயே நிறுத்தி வைத்ததால் அத்தனை உயிரும் தப்பித்தது. ஹெலிகாப்டரில் சாப்பாடு போட்டதும், என்.டி.ஆர்.எஃப். வந்து மீட்டதும் அதற்குப் பிறகுதான்.

1956 நவம்பர் 23 அதிகாலையில் அரியலூரில் அப்படி யாரும் நிறுத்தவில்லை. வெள்ளத்தில் மருதையாற்றுப் பாலம் பலவீனமாகியிருந்தது தெரியாமல் தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் அதன் மேல் ஏறியது. 140-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இரண்டு சம்பவங்களுக்கும் நடுவில் இருப்பது சரியான நேரத்தில் போய்ச் சேர்ந்த ஒரு தகவல். எத்தனை விக்ராந்த் இருந்தாலும் முன்னெச்சரிக்கைக்கு அது ஈடாகாது.

பில் யாருக்கு?

இங்கேதான் கொஞ்சம் கசப்பான பகுதி வருகிறது.

இலங்கைக்குக் கொடுத்த உடனடி நிவாரணம் இலவசம். அதோடு மறுகட்டமைப்புக்காக 45 கோடி டாலர், அதாவது சுமார் 4,000 கோடி ரூபாய் தொகுப்பை இந்தியா அறிவித்தது. இதில் 35 கோடி டாலர் சலுகைக் கடன், 10 கோடி டாலர் மானியம்.

உள்நாட்டில் கதை வேறு. வயநாடு நிலச்சரிவு நடந்த 2024-ம் ஆண்டின் கடைசியில், விமானப் படை ஹெலிகாப்டர்களைப் பயன்படுத்தியதற்காக 132.62 கோடி ரூபாய் கட்டணத்தைச் செலுத்துமாறு கேரள அரசிடம் மத்திய அரசு கேட்டது. 2006 முதல் வயநாடு வரையிலான நிலுவை அது. 'பக்கத்து நாட்டுக்கு இலவசம், சொந்த மாநிலத்துக்கு பில்லா?' என்று கேரளம் கொதித்தது. கேரள உயர் நீதிமன்றமும் இது பற்றிக் கேள்வி எழுப்பியது.

மத்திய அரசு தரப்பில் இருப்பது கணக்கு முறை. பொது நிர்வாகத்துக்கு ராணுவம் செய்யும் உதவிக்குக் கட்டணம் போடுவது பழைய நடைமுறை, மாநிலங்கள் பேரிடர் நிதியிலிருந்து ஈடுசெய்துகொள்ளலாம் என்பார்கள். ஆனால் ஓர் ஆட்சியர் நள்ளிரவில் ஹெலிகாப்டர் கேட்பதா வேண்டாமா என்று முடிவெடுக்கும்போது, 'பில் எவ்வளவு வரும்' என்ற நினைப்பு மனதின் ஓரத்தில்கூட வரக் கூடாது. ஒவ்வொரு மணி நேரமும் உயிர்க்கணக்கு அது. இந்த முறையை மாற்றுவதற்கு சர்வதேச ஒப்பந்தம் எதுவும் தேவையில்லை, டெல்லி நினைத்தாலே போதும்.

இலங்கை மலையகத்துக்கும் நமக்கும் என்ன?

அரியலூர் விபத்துக்குப் பொறுப்பேற்றுப் பதவி விலகிய ரயில்வே அமைச்சர் யார் என்று பொது அறிவுப் புத்தகம் படித்த எல்லோருக்கும் தெரியும்: லால் பகதூர் சாஸ்திரி. அதே சாஸ்திரி பிரதமரான பிறகு, 1964 அக்டோபர் 30 அன்று இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கவுடன் ஓர் ஒப்பந்தம் போட்டார். நாடற்றவர்களாக இருந்த மலையகத் தமிழர்களில் 5.25 லட்சம் பேரை இந்தியா ஏற்கும், 3 லட்சம் பேருக்கு இலங்கை குடியுரிமை தரும், மீதி 1.5 லட்சம் பேர் பற்றிப் பிறகு பேசலாம் என்று பேசி முடித்தார்கள். அந்த மக்களிடம் யாரும் கருத்துக் கேட்கவில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் பஞ்சம் பிழைக்க அந்தத் தோட்டங்களுக்குப் போனவர்களில் பலர் பழைய திருச்சி மாவட்டத்துக்காரர்கள். இன்றைய பெரம்பலூரும் அரியலூரும் அன்றைக்கு அந்த மாவட்டத்துக்குள் இருந்தவைதான். டித்வாவில் சரிந்த மலைச்சரிவுகளில் அவர்களின் வாரிசுகள் இன்னமும் 'லயன்' வீடுகளில் வசிக்கிறார்கள். சொந்த நிலம் கிடையாது. ஆபத்தான சரிவு என்று தெரிந்தாலும் வேறு எங்கே போவது?

ராணுவ நிவாரணத்தின் எல்லையும் இங்கேதான் தெரிகிறது. ஹெலிகாப்டர் ஒருவரைத் தூக்கிக் காப்பாற்றும். கள மருத்துவமனை காயத்துக்குக் கட்டுப் போடும். சில வாரங்களில் கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். அதே சரிவில் அதே லயன் வீட்டுக்குத் திரும்புகிறவருக்கு அடுத்த மழை காத்திருக்கும். அறிவித்த 45 கோடி டாலரில் பாதுகாப்பான இடத்தில் எத்தனை வீடுகள் கட்டப்படும், அதில் மலையக மக்களுக்கு எத்தனை என்பதுதான் இனி கேட்க வேண்டிய கேள்வி. கொள்ளிடக் கரையிலும் இதே கேள்விதான், அளவு மட்டும்தான் சிறியது.

உங்கள் போனில் சேமித்து வைக்க

• மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறை: 1077

• மாநில அவசரக் கட்டுப்பாட்டு மையம்: 1070

• அனைத்து அவசர உதவி: 112

• மழை, வெள்ள எச்சரிக்கைக்கு: தமிழ்நாடு அரசின் 'டி.என். அலர்ட்' செயலி, தேசிய பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் 'சசேத்' செயலி

வெளியூரில் வேலையில் இருப்பவர்கள், ஊரில் இருக்கும் அப்பா, அம்மா போனிலும் இவற்றைப் போட்டுக் கொடுத்துவிட்டு வாருங்கள். மழைக்காலம் தொடங்குவதற்கு முன்பே.